நூறு ரூட்டர்களை ஓரிடத்திலிருந்து ஆள்வது எப்படி? ஐந்து திறமூலக் கருவிகள், ஓர் ஒப்பீடு

அண்மையில் ஒரே கேள்வியை இருவர் என்னிடம் கேட்டார்கள். முதலாமவர் மூன்று ஊர்களில் உள்ள மாணவர் விடுதிகளின் வலையமைப்பைக் கவனித்துக்கொள்பவர். அவர் பொறுப்பில் 70 வைஃபை ரூட்டர்கள் இருக்கின்றன. அனைத்திலும் ஓப்பன்டபிள்யூஆர்டி (ரூட்டர்களுக்கான, லினக்ஸ் அடிப்படையிலான திறமூல இயங்குதளம்) ஓடுகிறது. விருந்தினர் வைஃபையின் கடவுச்சொல்லை மாற்றுவதற்கு அவருக்கு ஒரு முழுநாள் செலவாகிறது. இரண்டாமவர் சிறுநகரம் ஒன்றில் கேபிள் டிவியோடு ஃபைபர் இணைப்பும் கொடுப்பவர். வாடிக்கையாளர் வீடுகளில் அவர் வைத்திருக்கும் 400 ரூட்டர்கள் நான்கைந்து நிறுவனங்களின் தயாரிப்புகள். அவற்றில் அந்தந்த நிறுவனத்தின் மென்பொருளே ஓடுகிறது. "பாஸ்வேர்ட் மறந்துவிட்டது" என்று அழைப்பு வரும்போதெல்லாம் அவர் ஓர் ஆளை வண்டியில் அனுப்புகிறார். எல்லாவற்றையும் ஓரிடத்திலிருந்து ஆள எந்தத் திறமூலக் கருவியை (மூல நிரல் எவருக்கும் திறந்திருக்கும் மென்பொருளை) நிறுவுவது என்பதுதான் இருவரின் கேள்வியும்.

இருவருக்கும் ஒரே பதில் பொருந்தாது. வசதிகளின் பட்டியலை வைத்துக் கருவியைத் தேர்ந்தெடுத்தவர்கள் பலர் ஆறு மாதத்தில் அதைக் கைவிட்டதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே, எதை அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிட்டுக் கருவிகளுக்கு வருகிறேன். ரூட்டர் தயாரிப்பாளர்கள் சிலர் தங்கள் மையக் கட்டுப்பாட்டு மென்பொருளை விலையின்றியே தருகிறார்கள். விலையில்லாதது எல்லாம் திறமூலம் ஆகிவிடாது. அவை அந்தந்த நிறுவனத்தின் கருவிகளுக்காகவே எழுதப்பட்டவை என்பதால் இந்த ஒப்பீட்டில் அவற்றைச் சேர்க்கவில்லை.

## அளவுகோல்கள்

யார் யாரை அழைப்பது? சர்வர் ரூட்டரைத் தேடிச் செல்கிறதா, ரூட்டர் சர்வரைத் தேடி வருகிறதா என்பதே முதல் கேள்வி. நம் ஊரில் 4ஜி சிம் வழியாகவோ பல ஃபைபர் இணைப்புகள் வழியாகவோ வரும் ரூட்டருக்குத் தனியான பொது முகவரி கிடைப்பதில்லை. பல நூறு வாடிக்கையாளர்கள் ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்ளும் சிஜிநாட் அமைப்புக்குப் பின்னால்தான் அது இருக்கும். அத்தகைய ரூட்டரை வெளியிலிருந்து தொடர்புகொள்ள முடியாது. எனவே, ரூட்டர் தானே வெளியே வந்து சர்வரை அழைக்க வேண்டும். அல்லது விபிஎன் சுரங்கம் (இணையத்தின் ஊடே செல்லும் மறைகுறியாக்கிய தனி இணைப்பு) ஒன்றை எப்போதும் திறந்து வைத்திருக்க வேண்டும். பணம் செலவழித்துக் கருவியை நிறுவிய பிறகு இந்த உண்மையைக் கண்டுபிடிப்பவர்களே அதிகம்.

தவறான அமைவு போய்ச் சேர்ந்தால் ரூட்டர் திரும்பி வருமா? என் கணிப்பில் மற்ற எல்லாவற்றையும்விட எடை மிகுந்த அளவுகோல் இதுவே. சில ஆண்டுகளுக்கு முன் 40 ரூட்டர்களில் விஎல்ஏஎன் (ஒரே கம்பியில் வலையமைப்புகளைத் தனித்தனியே பிரிக்கும் ஏற்பாடு) எண்ணை மாற்ற நானே ஒரு ஸ்கிரிப்ட் எழுதி ஓடவிட்டேன். அவற்றில் 11 ரூட்டர்களின் போர்ட் வரிசை மற்றவற்றிலிருந்து மாறுபட்டது என்பதை நான் கவனிக்கவில்லை. கட்டளை நிறைவேறிய நொடியில் அந்தப் பதினொன்றும் அறுந்துபோயின. அவற்றை மீட்க நான்கு நாள் பேருந்தில் அலைந்தேன். கருவியில் மாற்றத்தைச் செய்து, தொடர்பு அற்றுப்போனால் பழைய நிலைக்குத் தானே திரும்பும் ஏற்பாடு இருந்திருந்தால் அந்த நான்கு நாளும் மிஞ்சியிருக்கும்.

ஃபர்ம்வேரை (ரூட்டருக்குள் ஓடும் அடிப்படை மென்பொருளை) புதுப்பிக்குமா? அமைவுகளை மட்டும் மாற்றும் கருவி பாதி வேலையைத்தான் செய்கிறது. பாதுகாப்பு ஓட்டை ஒன்று வெளியானால் 70 ரூட்டர்களிலும் புதிய ஃபர்ம்வேர் ஏற வேண்டும். மாடலுக்கு ஏற்ற கோப்பே ஏற வேண்டும். ஒரே இரவில் எல்லாமும் சேர்ந்து செத்துப்போகாமல் படிப்படியாக ஏற வேண்டும்.

இவற்றுக்கு அடுத்து, எந்தெந்த வன்பொருளை ஆளும், சர்வரைப் பராமரிக்க எவ்வளவு ஆள்பலம் வேண்டும், எல்லா ரூட்டர்களின் சாவியும் ஓரிடத்தில் குவிவதால் வரும் அபாயம் என்ன, நாளை கருவியைக் கைவிட நேர்ந்தால் ரூட்டர்கள் தாமாக இயங்குமா என்பவற்றையும் பார்க்க வேண்டும். இவற்றை ஒவ்வொரு கருவியின் கீழும் தேவைப்படும் இடத்தில் சொல்கிறேன்.

## ஆன்சிபிள்

ஆன்சிபிள் ரூட்டர்களுக்கென்று எழுதப்பட்டதன்று. சர்வர்களை ஆள 2012-இல் வெளிவந்து, 2015-இல் ரெட் ஹாட் நிறுவனத்தின் கைக்குப் போன பொதுக் கருவி. உங்கள் மடிக்கணினியிலிருந்து எஸ்எஸ்எச் என்னும் பாதுகாப்பான தொலைநுழைவு வழியாக ஒவ்வொரு ரூட்டருக்குள்ளும் நுழைந்து, எழுதிவைத்த பட்டியல்படி வேலைகளைச் செய்துவிட்டு வெளியேறிவிடும். எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் எதுவும் தேவையில்லை என்பதும், எல்லா அமைவுகளும் எளிய உரைக் கோப்புகளாக கிட் என்னும் பதிப்புக் களஞ்சியத்தில் இருப்பதால் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்பது தெளிவாகத் தெரியும் என்பதும் இதன் பெரும் பலம். கைவிடுவதும் எளிது, ஏனெனில் ரூட்டரில் அது எதையும் விட்டுச்செல்வதில்லை.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. ஆன்சிபிளின் பெரும்பாலான தொகுதிகள் இயங்க எதிர்முனையில் பைத்தான் வேண்டும். 16 எம்பி ஃபிளாஷ் கொண்ட ரூட்டரில் பைத்தானை ஏற்றினால் மற்றவற்றுக்கு இடம் நெருக்கடியாகிவிடும். பைத்தான் இல்லாமல் வெறும் ஷெல் கட்டளைகளால் வேலை செய்யும் தொகுப்புகளைச் சமூகத்தினர் எழுதியிருக்கிறார்கள், அவற்றைப் பயன்படுத்தலாம். இரண்டாவதாக, அழைப்பது எப்போதும் உங்கள் பக்கம்தான். ஆகவே, விபிஎன் தவிர்க்க முடியாதது. கட்டளையை ஓடவிடும் நேரத்தில் மின்சாரம் இல்லாத விடுதிகள் விடுபட்டுப்போகும். விடுபட்டவை எவை என்று நினைவில் வைத்து மறுநாள் மீண்டும் ஓடவிடுவது உங்கள் பொறுப்பு. இயல்பான அமைப்பில் ஒரு பணியை ஒரே நேரத்தில் 5 ரூட்டர்களில் மட்டுமே அது செய்யும் என்பதால் 70 ரூட்டர்களுக்கு ஒவ்வொரு பணியும் 14 சுற்று போகும். இந்த எண்ணை உயர்த்திக்கொள்ளலாம்.

மூன்றாவது செலவுதான் பெரியது. தவறிலிருந்து மீளும் ஏற்பாடு இதில் இல்லை. நீங்களே கட்ட வேண்டும். மாற்றத்துக்கு முன் அமைவுக் கோப்புகளின் நகலை எடுத்து வைத்து, ஐந்து நிமிடத்தில் அந்த நகலை மீட்டு மறுதொடக்கம் செய்யும் கட்டளை ஒன்றை ரூட்டரின் பின்னணியில் ஓடவிட்டு, மாற்றத்துக்குப் பின் மறுபடியும் உள்ளே நுழைய முடிந்தால் மட்டும் அக்கட்டளையை நிறுத்துவது என் வழக்கம். அந்தப் பதினொரு ரூட்டர்கள் கற்றுக்கொடுத்த வழக்கம் இது. இருபது வரிகளில் எழுதிவிடலாம், ஆனால் எழுதாமல் தொடங்காதீர்கள்.

பதினைந்து இருபது ரூட்டர்கள், லினக்ஸ் கட்டளைகளில் பழகிய ஒருவர், ஏற்கெனவே விபிஎன் இருக்கும் இடம் என்றால் ஆன்சிபிளே போதும். எந்த ரூட்டர் இப்போது உயிரோடு இருக்கிறது, எத்தனை பேர் இணைந்திருக்கிறார்கள் என்பதை இது காட்டாது. அதற்குத் தனிக் கண்காணிப்புக் கருவி வேண்டும்.

## ஓப்பன்விஸ்ப்

இத்தாலியில் ரோம் மாகாண நிர்வாகத்தின் பொது வைஃபைத் திட்டத்தில் முளைத்து, பின்னர் பைத்தான் மொழியில் ஜாங்கோ சட்டகத்தின் மேல் புதிதாக எழுதப்பட்ட கருவி இது. ஓப்பன்டபிள்யூஆர்டி ரூட்டர்களுக்கென்றே செய்யப்பட்டது என்பதால், ஏற்கெனவே அதை ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு மிக நெருக்கமாகப் பொருந்துகிறது.

வேலை செய்யும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மேலே சொன்ன அளவுகோல்களுக்கு மிகத் தெளிவாக விடை தரும் கருவி இதுதான். ரூட்டரில் ஒரு சிறு முகவர் நிரல் ஓடுகிறது. அது இயல்பாக 120 நொடிகளுக்கு ஒருமுறை சர்வரை அழைத்து, தனக்குரிய அமைவு மாறியிருக்கிறதா என்று ஒரு சரிபார்ப்புத் தொகையை மட்டும் கேட்கிறது. மாறியிருந்தால் மட்டுமே முழு அமைவையும் இறக்கிக்கொள்கிறது. அழைப்பவர் ரூட்டரே என்பதால் சிஜிநாட் ஒரு தடையாவதில்லை. மாற்றம் நடந்த நேரத்தில் மின்சாரம் இல்லாமல் கிடந்த ரூட்டர், மின்சாரம் வந்ததும் தானே வந்து புதிய அமைவை வாங்கிக்கொள்ளும். விடுபட்டவற்றின் பட்டியலை யாரும் வைத்திருக்க வேண்டியதில்லை.

புதிய அமைவை ஏற்றிய பின் முகவர் மறுபடியும் சர்வரை அழைத்துப் பார்க்கிறது. சில முயற்சிகளுக்குப் பிறகும் சர்வர் எட்டவில்லை என்றால் பழைய அமைவை மீட்டுக்கொண்டு, பிழை என்று தெரிவிக்கிறது. என்னை நான்கு நாள் அலையவிட்ட தவறு இதில் சில நிமிடங்களில் தானே சரியாகியிருக்கும். ஆயினும் இந்தச் சோதனையின் எல்லையைத் தெரிந்துகொள்வது அவசியம். சர்வரை எட்ட முடிகிறதா என்பதை மட்டுமே அது பார்க்கிறது. வைஃபையின் பெயரைத் தவறாக எழுதிவிட்டாலோ, விருந்தினர் வலையமைப்புக்கு ஐபி கொடுக்கும் சேவையை மறந்துவிட்டாலோ இணைய இணைப்பு உயிரோடு இருக்கும். முகவர் எல்லாம் நலம் என்றே நினைக்கும். விடுதியில் 200 மாணவர்களுக்கு மட்டும் இணையம் இருக்காது.

வார்ப்புருக்களும் மாறிகளும் இதன் இன்னொரு பலம். எல்லா விடுதிக்கும் பொதுவான வைஃபை அமைவை ஒரு வார்ப்புருவில் எழுதி, விடுதியின் பெயரையும் அலைவரிசை எண்ணையும் மாறியாக வைத்தால் போதும். ஒரே சர்வரில் பல நிறுவனங்களின் ரூட்டர்களைத் தனித்தனியே பிரித்து வைக்கவும் முடியும். பொது வைஃபையில் கைபேசி எண்ணை ஓடிபி மூலம் சரிபார்த்த பிறகே இணையம் கொடுக்க வேண்டிய இடங்களுக்கு, பயனர்களைச் சரிபார்க்கும் ஃபிரீரேடியஸ் சர்வரோடு இணைந்த தனிப் பகுதி இருக்கிறது. கண்காணிப்புக்கும் ஃபர்ம்வேர் மேம்பாட்டுக்கும் தனித்தனிப் பகுதிகள் உண்டு.

மறைந்திருக்கும் செலவுகளில் முதலாவது ஃபர்ம்வேர் தொடர்பானது. அமைவுகளை ரூட்டர் வந்து வாங்கிக்கொள்கிறது, ஆனால் ஃபர்ம்வேரைச் சர்வர்தான் எஸ்எஸ்எச் வழியாகக் கொண்டுபோய் ஏற்றுகிறது. எனவே சிஜிநாட்டுக்குப் பின்னால் உள்ள ரூட்டர்களுக்கு மேலாண்மை விபிஎன் ஒன்றும் வேண்டும். ஓப்பன்விபிஎன் அல்லது வயர்கார்டை ஓப்பன்விஸ்ப் வழியாகவே அமைத்துவிடலாம் என்றாலும் அது கூடுதல் வேலை. ஏற்றுவதற்கு முன் அந்தக் கோப்பு அந்த மாடலுக்கு உரியதுதானா என்று ரூட்டரிலேயே சோதித்துக்கொள்கிறது என்பது ஆறுதல். இரண்டாவது செலவு சர்வர். போஸ்ட்கிரெஸ், ரெடிஸ், செலரி, கண்காணிப்புத் தரவுக்கு இன்ஃப்ளக்ஸ்டிபி, முன்னால் என்ஜின்எக்ஸ் என்று பல பகுதிகள் சேர்ந்தே ஓடுகின்றன. ஆன்சிபிள் அல்லது டாக்கர் மூலம் ஒரே மூச்சில் நிறுவிவிடலாம். பதிப்பு மாற்றும்போது எது எங்கே நின்றது என்று தேடத் தெரிந்த ஒருவர் கையில் இருக்க வேண்டும்.

ஓப்பன்டபிள்யூஆர்டி ஓடும் 30 முதல் சில நூறு ரூட்டர்கள், வேறுவேறு இணைய நிறுவனங்களின் இணைப்புகளில் சிதறிக் கிடக்கும் இடங்கள், அவற்றைக் கவனிக்க ஓரிருவர் என்ற நிலைக்கு என் முதல் தேர்வு இதுவே.

## ஓப்பன்வைஃபை

டெலிகாம் இன்ஃப்ரா புராஜெக்ட் என்ற கூட்டமைப்பு 2021-இல் வெளியிட்ட திட்டம் இது. ஏபி எனப்படும் வைஃபை அணுகுமுனைக் கருவிகளில் ஓடும் ஃபர்ம்வேரையும் (அதுவும் ஓப்பன்டபிள்யூஆர்டியின் மேல் கட்டப்பட்டதுதான்), மேகத்தில் ஓடும் கட்டுப்பாட்டு மென்பொருளையும் சேர்த்தே திறமூலமாகத் தருகிறார்கள். ஏபி தானே வெப்சாக்கெட் வழியாகச் சர்வரை அழைத்து, அந்த இணைப்பைத் திறந்தே வைத்திருக்கிறது. அமைவுகள் ஜேசன் வடிவில் அதன் வழியே உடனுக்குடன் போகின்றன. சிஜிநாட் பிரச்சினை இல்லை. 120 நொடி காத்திருப்பும் இல்லை. ஒவ்வொரு கருவியும் தன் சொந்தச் சான்றிதழைக் காட்டியே உள்ளே வர வேண்டும் என்பதால், பொதுவான ஒரு ரகசியச் சொல் கசிந்து எல்லாமும் பறிபோகும் அபாயம் குறைவு.

இதன் விலை வேறு வடிவில் வருகிறது. கடையில் கிடைக்கும் எந்த ரூட்டரையும் இதற்குள் கொண்டுவர முடியாது. திட்டம் ஆதரிக்கும் மாடல்களின் பட்டியலில் உள்ள ஏபிகளை வாங்க வேண்டும். சர்வர் பக்கம் நுழைவாயில், பாதுகாப்பு, ஃபர்ம்வேர், ஒதுக்கீடு என்று தனித்தனிச் சேவைகளாகப் பிரிந்து, காஃப்கா என்னும் செய்திப் பரிமாற்ற மென்பொருள் வழியாக ஒன்றோடொன்று பேசுகிறது. பல சேவைகளை ஒருங்கிணைத்து ஓட்டும் குபர்நெட்டிஸில் பழகிய குழு இருக்கும் இடத்தில் இது வலிமை. தனியாளாக எழுபது ரூட்டரைப் பார்த்துக்கொள்பவருக்கு, ரூட்டர்களைவிடச் சர்வரைப் பார்த்துக்கொள்வதே பெரிய வேலையாகிவிடும். சான்றிதழ்களுக்குக் காலாவதி தேதி உண்டு என்பதையும் முதல் நாளே நாட்காட்டியில் குறித்துவைக்க வேண்டும்.

புதிதாக ஏபிகளை வாங்கப்போகும் பெரிய வளாகம், பல வாடிக்கையாளர்களுக்கு வைஃபை சேவை நடத்தும் நிறுவனம் ஆகியோருக்கு இது ஏற்றது. ஏற்கெனவே ரூட்டர்களை வாங்கிவிட்டவர் இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்லலாம்.

## ஜெனிஏசிஎஸ்

மேலே சொன்ன மூன்றும் ரூட்டரில் நாம் விரும்பிய மென்பொருளை ஏற்ற முடியும் என்ற அடிப்படையில் நிற்பவை. வாடிக்கையாளர் வீடுகளில் தயாரிப்பாளரின் சொந்த ஃபர்ம்வேரோடு கிடக்கும் ரூட்டர்களுக்கு அந்த வழி அடைபட்டது. அங்கே கைகொடுப்பது டிஆர்-069 என்னும் நெறிமுறை. இன்று பிராட்பேண்ட் ஃபோரம் என்று அழைக்கப்படும் அமைப்பு 2004-இல் வெளியிட்ட இந்த நெறிமுறையை, இணைய நிறுவனங்கள் தரும் ரூட்டர்களிலும் ஃபைபர் இணைப்பின் முனையில் வைக்கும் ஓஎன்டி கருவிகளிலும் பெரும்பாலானவை அறியும். அந்த நெறிமுறையில் ரூட்டர்களை ஆளும் சர்வருக்கு ஏசிஎஸ் என்று பெயர். ஜெனிஏசிஎஸ் அத்தகைய ஒன்று. நோட்ஜேஎஸ், மாங்கோடிபி ஆகியவற்றின் மேல் ஓடுவது.

ரூட்டர் குறித்த இடைவெளியில் சர்வரை அழைத்துத் தன் நிலையைச் சொல்கிறது. அப்போது சர்வர் தன் கட்டளைகளைக் கொடுக்கிறது. 400 ரூட்டர்கள் 300 நொடிக்கு ஒருமுறை அழைத்தால் நிமிடத்துக்கு 80 அழைப்புகள். எளிய சர்வரே அதைத் தாங்கும். உடனடியாக மாற்ற வேண்டுமென்றால் சர்வர் ரூட்டரைக் கூப்பிட வேண்டியிருக்கும். ரூட்டர் முகவரிப் பகிர்வுக்குப் பின்னால் இருந்தால் அந்தக் கூப்பிடு கேட்காது, அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டும். கேபிள் நிறுவனத்தின் சொந்த வலையமைப்புக்குள்ளேயே சர்வரை வைத்தால் இந்தத் தடை நீங்கிவிடும்.

இதில் தவறிலிருந்து தானே மீளும் ஏற்பாடு இல்லை. ஆயினும் இதன் அன்றாட வேலை பெரும்பாலும் வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் மாற்றுவதே. அவற்றில் தவறினாலும் சர்வருடனான தொடர்பு அறுவதில்லை, மறுபடியும் மாற்றிவிடலாம். வெளி இணைப்பின் அமைவுகளைத் தொடும்போதுதான் நடுங்க வேண்டும். பழைய கடவுச்சொல்லைப் படித்துச் சொல்லலாம் என்று எதிர்பார்க்காதீர்கள். நெறிமுறையின் விதிப்படி அந்தப் புலத்தைப் படித்தால் வெற்றாகவே வரும். புதியதை வைத்துக்கொடுப்பதே வழி.

மறைந்திருக்கும் செலவில் பெரும்பகுதி மாடல்களின் வேறுபாட்டிலிருந்து வருகிறது. ஒரு நிறுவனத்தின் ரூட்டர் பழைய தரவு மாதிரியில் பேசும், மற்றொன்று புதியதில் பேசும். இரண்டிலும் இல்லாத சொந்தப் புலங்களை மூன்றாவது சேர்த்து வைத்திருக்கும். ஒவ்வொரு மாடலுக்கும் ஜாவாஸ்கிரிப்டில் சிறு துணுக்குகள் எழுதிச் சோதிக்க வேண்டும். ஐந்து மாடல் என்றால் ஐந்து மடங்கு வேலை.

பாதுகாப்பைப் பற்றியும் தயக்கமின்றிச் சொல்ல வேண்டும். 2016 நவம்பரில் ஜெர்மனியின் டாய்ச்சே டெலிகாம் வாடிக்கையாளர்களில் ஏறத்தாழ 9 லட்சம் பேரின் ரூட்டர்கள் முடங்கின. டிஆர்-069 பயன்படுத்தும் 7547 என்ற போர்ட்டை இணையம் முழுவதும் குறிவைத்து மிராய் வகைத் தீநிரல் நடத்திய தாக்குதலே காரணம். ஆகவே வாடிக்கையாளர் ரூட்டர்களின் 7547 போர்ட் வெளி இணையத்துக்குத் தெரியக் கூடாது. ஏசிஎஸ் சர்வரின் நிர்வாகப் பக்கமும் ஏபிஐ போர்ட்டும் உள் வலையமைப்பைத் தாண்டக் கூடாது. ரூட்டர்–சர்வர் உரையாடல் டிஎல்எஸ் மறைகுறியாக்கத்தின் வழியாக நடக்க வேண்டும். இவற்றைச் செய்ய நேரமில்லை என்றால், ஆளை வண்டியில் அனுப்புவதே பாதுகாப்பானது.

## குளுவான்

தன்னார்வலர்கள் இலவசப் பொது வைஃபை நடத்தும் ஜெர்மனியின் ஃபிரைஃபுங்க் இயக்கத்தில், லூபெக் நகரக் குழுவினர் தொடங்கிய சட்டகம் இது. மையத்திலிருந்து ஆள்வது என்ற எண்ணத்தையே இது ஏற்பதில்லை, ஏனெனில் அங்கே ஒவ்வொரு ரூட்டரும் ஒரு தன்னார்வலரின் சொத்து. குழுவுக்குரிய அமைவுகள் அனைத்தும் ஃபர்ம்வேருக்குள்ளேயே பதிக்கப்படுகின்றன; அமைவை மாற்ற வேண்டுமா, புதிய ஃபர்ம்வேர் வெளியிட வேண்டும்.

ஆயினும் இதை இங்கே சேர்த்ததற்குக் காரணம், ஃபர்ம்வேரைப் பரப்பும் முறையில் இவர்கள் காட்டும் கவனம். ரூட்டர்கள் தாமே வந்து புதிய பதிப்பைத் தேடுகின்றன. அந்தப் பதிப்பில் குறித்த எண்ணிக்கையிலான பராமரிப்பாளர்களின் டிஜிட்டல் கையொப்பம் இருந்தால்தான் ஏற்றுக்கொள்கின்றன. ஒருவருடைய சாவி திருடுபோனாலும் எல்லா ரூட்டரும் பறிபோகாது. வெளியிடுபவர் எத்தனை நாளில் பரவ வேண்டும் என்று குறிப்பிட்டால், முதல் நாளில் சில ரூட்டர்களும் போகப்போக மற்றவையும் மாறுகின்றன. முதல் சிலவற்றில் கோளாறு தெரிந்தால் நிறுத்திக்கொள்ளலாம். வணிகக் கருவிகளிலும் நான் எதிர்பார்க்கும் ஒழுங்கு இது.

தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்தும் மெஷ் (ரூட்டர்கள் ஒன்றோடொன்று நேரடியாக இணையும்) வலையமைப்புக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. விடுதிக்கும் கேபிள் நிறுவனத்துக்கும் இது உதவாது.

## ஒரே பார்வையில்

| | ஆன்சிபிள் | ஓப்பன்விஸ்ப் | ஓப்பன்வைஃபை | ஜெனிஏசிஎஸ் | குளுவான் |
|---|---|---|---|---|---|
| முதலில் அழைப்பது | நிர்வாகியின் கணினி | ரூட்டர். ஃபர்ம்வேருக்கு மட்டும் சர்வர் | ஏபி | ரூட்டர். அவசரத்துக்குச் சர்வர் | ரூட்டர் |
| தவறான அமைவிலிருந்து மீட்சி | நீங்களே எழுத வேண்டும் | உண்டு, சர்வர் எட்டுகிறதா என்ற அளவில் | வாங்கும் மாடலில் நேரில் சோதிக்கவும் | இல்லை | மையத்திலிருந்து அமைவு போவதில்லை |
| ஃபர்ம்வேர் | எழுதிக்கொள்ளலாம் | தனிப் பகுதி, விபிஎன் தேவை | உண்டு | உண்டு, மாடலைப் பொறுத்தது | மிகச் சிறப்பு |
| வன்பொருள் | எஸ்எஸ்எச் உள்ளவை | ஓப்பன்டபிள்யூஆர்டி | பட்டியலில் உள்ள மாடல்கள் | டிஆர்-069 அறிந்தவை | குளுவான் ஆதரிப்பவை |
| சர்வர் சுமை | இல்லை | நடுத்தரம் | அதிகம் | குறைவு முதல் நடுத்தரம் | மிகக் குறைவு |

## எந்தக் கருவியானாலும் கவனிக்க வேண்டிய மூன்று

ரூட்டரின் பின்னால் உள்ள ரீசெட் பொத்தான் முதலாவது. விடுதி அறையில் வைஃபை மெதுவாக இருந்தால் மாணவர்கள் செய்யும் முதல் காரியம் அதை அழுத்துவது. ஓப்பன்டபிள்யூஆர்டியில் அடிப்படை அமைப்பு, படிக்க மட்டும் முடிந்த பகுதியில் இருக்கிறது. பின்னால் நிறுவிய மென்பொருள்களும் அமைவுகளும் அதன்மேல் ஒரு தனி அடுக்கில் இருக்கின்றன. ரீசெட் அந்த மேலடுக்கை அழித்துவிடும். முகவர் நிரலைப் பின்னால் நிறுவியிருந்தால் அதுவும் அழிந்து, ரூட்டர் உங்கள் கையைவிட்டுப் போய்விடும். எனவே ஓப்பன்டபிள்யூஆர்டியின் இமேஜ் பில்டரைக் கொண்டு, முகவரையும் சர்வர் முகவரியையும் முதல் தொடக்கத்தில் ஓட வேண்டிய அமைவு ஸ்கிரிப்டையும் உள்ளடக்கிய சொந்த ஃபர்ம்வேர் கோப்பைக் கட்டுங்கள். அப்படிக் கட்டினால் ரீசெட் ஆன ரூட்டர் தானே சர்வரிடம் வந்து சேரும். ஓப்பன்விஸ்ப் அதைப் பழைய ரூட்டராகவே அடையாளம் கண்டு பழைய அமைவைத் திருப்பிக் கொடுக்கும், ஏனெனில் ரூட்டரின் சாவியை அது மேக் முகவரியிலிருந்தும் (வன்பொருளுக்குரிய தனி எண்) பொது ரகசியத்திலிருந்தும் கணக்கிடுகிறது.

இரண்டாவது கடிகாரம். மலிவான ரூட்டர்களில் மின்கலத்தோடு கூடிய கடிகாரம் இல்லை. மின்வெட்டுக்குப் பின் எழும் ரூட்டருக்கு இன்று என்ன தேதி என்பது தெரியாது. தேதி பின்தங்கியிருந்தால், நேற்று புதுப்பித்த சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று அதை மறுத்துவிடும். நேரச் சேவை ஒழுங்காக எட்டும்படி பார்த்துக்கொள்ளுங்கள். விருந்தினர் வலையமைப்பின் கெடுபிடிகள் அதைத் தடுத்துவிடக் கூடாது.

மூன்றாவது, ரூட்டரின் வயது. 4 எம்பி ஃபிளாஷும் 32 எம்பி நினைவகமும் கொண்ட பழைய மாடல்களுக்கு ஓப்பன்டபிள்யூஆர்டியின் 19.07 பதிப்போடு ஆதரவு முடிந்துவிட்டது. ஃபிரைஃபுங்க் குழுக்களில் பெருமளவில் பரவியிருந்த டிபி-லிங்க் 841 வகை ரூட்டர்கள் இந்தக் கோட்டில்தான் விழுந்தன. அத்தகையவற்றை மைய மேலாண்மைக்குள் கொண்டுவரச் செலவிடும் உழைப்பைவிட, மாற்றி வாங்கும் பணம் குறைவு.

## கேட்ட இருவருக்கும்

விடுதிக்காரருக்கு ஓப்பன்விஸ்ப். மூன்று ஊர்களும் வெவ்வேறு இணைய நிறுவனங்களின் கீழ் இருப்பதும், மின்வெட்டில் விடுபடும் ரூட்டர்களை அவர் ஒருவரே துரத்த வேண்டியிருப்பதும் ஆன்சிபிளை விலக்கிவிடுகின்றன. ஆனால் எழுபதையும் ஒரே வாரத்தில் சேர்க்க வேண்டாம். மூன்று ரூட்டர்களை மேசையில் வைத்து, வேண்டுமென்றே தவறான நுழைவாயில் முகவரியை அனுப்பி, திரும்பி வருகிறதா என்று பாருங்கள். ரீசெட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். இரவு முழுவதும் மின்சாரத்தைத் துண்டித்து வைத்துக் காலையில் பாருங்கள். மூன்றும் தேறிய பிறகு உங்களுக்கு மிக அருகில் உள்ள விடுதியிலிருந்து தொடங்கி, தொலைவில் உள்ளதைக் கடைசியில் சேருங்கள்.

கேபிள் நடத்துபவருக்கு ஜெனிஏசிஎஸ். அவருடைய முதல் வேலை மென்பொருளை நிறுவுவதன்று. கிட்டங்கியிலும் வீடுகளிலும் உள்ள ரூட்டர்களின் மாடல், ஃபர்ம்வேர் பதிப்பு ஆகியவற்றைப் பட்டியலிட்டு, ஒவ்வொரு மாடலிலும் ஒன்றை மேசைக்குக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொன்றிலும் ஏசிஎஸ் முகவரியை மாற்ற முடிகிறதா, அல்லது முன்பு விற்றவர் பூட்டி வைத்திருக்கிறாரா; டிஎல்எஸ் வழியாகப் பேசுகிறதா; கடவுச்சொல்லை மாற்றினால் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டிலும் மாறுகிறதா என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தத் தாளில் எல்லாக் கட்டமும் நிரம்பும் வரை எந்த வாடிக்கையாளர் வீட்டு ரூட்டரிலும் ஏசிஎஸ் முகவரியை மாற்ற வேண்டாம்.